சிறிய பட்ஜெட்டில் பழைய சொகுசு கார்: தேர்வு முதல் பெயர் மாற்றம் வரை முழு வழிகாட்டி

பதினைந்து, பதினாறு ஆண்டுகளுக்கு முன் நாற்பது லட்சம் ரூபாய் அளவில் விற்ற மெர்சிடிஸ் இ கிளாஸ், இன்று ஒரு புதிய ஸ்விஃப்ட் காரின் விலைக்குள் கிடைக்கிறது. பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸ், ஆடி ஏ4 ஆகியவையும் அப்படித்தான். விளம்பரத்தைப் பார்த்ததும் மனம் துள்ளும். துள்ளட்டும், தவறில்லை. அந்தக் கதவு மூடும் ஓசையும், நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் உள்ளே நிலவும் அமைதியும் இந்த விலையில் வேறு எந்த வண்டியிலும் கிடைக்காது.

ஆனால் ஒன்றை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். விலை சரிந்தது காருக்கு மட்டுமே. அதன் கியர்பாக்ஸ், இன்ஜெக்டர், ஹெட்லைட், ஏ.சி. கம்ப்ரசர் எல்லாம் இன்னும் நாற்பது லட்ச ரூபாய் காரின் உதிரிபாக விலையில்தான் விற்கின்றன. முதல் உரிமையாளர் வாரன்டி முடியும்போது விற்றார். இரண்டாமவர் பெரிய செலவு நெருங்கும்போது விற்றார். மூன்றாமவர் செய்ய வேண்டிய வேலையைத் தள்ளிப் போட்டுக்கொண்டே ஓட்டினார். அவர்கள் தள்ளிப் போட்ட செலவெல்லாம் உங்கள் தலையில் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்த வேலையின் சாரம். அதனால் நீங்கள் தேட வேண்டியது மலிவான காரை அல்ல. ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டு, பில்லோடு இருக்கும் காரை.

முதல் படி: பணத்தைப் பிரித்து வையுங்கள்

கையில் ஏழு லட்சம் இருக்கிறது என்றால், காருக்கு நான்கரை, அதிகபட்சம் ஐந்து லட்சம். மீதி இரண்டு லட்சத்தைத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். விற்பவர் “இன்னும் ஐம்பதாயிரம் போட்டால் மேல் மாடலே கிடைக்கும்” என்று சொல்லும்போது அந்தப் பணத்தில் கை வைக்காதீர்கள். வாங்கிய முதல் ஆறு மாதத்தில் டயர், பேட்டரி, எல்லா ஆயில்களும், சஸ்பென்ஷன் புஷ் (இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையம்), பிரேக் டிஸ்க் என்று அது கரையும். எல்லாம் நல்ல நிலையில் உள்ள கார் என்றாலும் கரையும்.

இவ்வளவு பழைய காருக்கு வங்கிக் கடன் எளிதில் கிடைக்காது. கிடைத்தாலும் வட்டி கூடுதல். கடன் வாங்கித்தான் வாங்க வேண்டும் என்றால் இந்த யோசனையைத் தள்ளி வைப்பதே நல்லது என்பது என் கருத்து. மாதத் தவணை கட்டும்போதே கியர்பாக்ஸ் வேலையும் வந்தால் வண்டி ஷெட்டில் நின்றுவிடும், தவணை நிற்காது.

இரண்டாம் படி: காருக்கு முன் மெக்கானிக்

பெரும்பாலானோர் காரை வாங்கிவிட்டு மெக்கானிக்கைத் தேடுகிறார்கள். வரிசையை மாற்றுங்கள். சென்னையிலும் கோவையிலும் கம்பெனி சர்வீஸ் சென்டரில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் தனியாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். ஜெர்மன் கார் மட்டுமே பார்க்கும் ஒருவரை நேரில் சந்தித்துப் பேசுங்கள். மெர்சிடிஸுக்கு ‘எக்ஸென்ட்ரி’, பி.எம்.டபிள்யூ.வுக்கு ‘இஸ்டா’, ஆடிக்கு ‘வி.சி.டி.எஸ்.’ போன்ற அந்தந்த பிராண்டுக்கான ஸ்கேனர் மென்பொருள் அவரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். எல்லா காருக்கும் பொருந்தும் சாதாரண ஸ்கேனர் எஞ்சின் பிழைகளைக் காட்டும்; ஏர்பேக், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் ஆகியவற்றின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் உள்ளதைப் பெரும்பாலும் காட்டாது.

நீங்கள் பட்டுக்கோட்டையிலோ சங்கரன்கோவிலிலோ இருந்தால், கார் நின்றுபோனால் எங்கே கொண்டுபோவது, லாரியில் ஏற்ற எவ்வளவு ஆகும் என்பதும் கணக்கில் சேர வேண்டும்.

உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். மெர்சிடிஸ் தன் சஸ்பென்ஷன் ஆர்மைத் தானே செய்வதில்லை. லெம்ஃபோர்டர், சாக்ஸ், பில்ஸ்டீன், மாலே, பேர், பாஷ் போன்ற நிறுவனங்கள் செய்து கொடுக்கின்றன. அதே பாகம், அதே நிறுவனத்தின் பெட்டியில், நட்சத்திரச் சின்னம் இல்லாமல் குறைந்த விலைக்குக் கிடைக்கும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளிலும், பூட்மோ போன்ற இணையத் தளங்களிலும் பாக எண்ணைச் சொல்லித் தேடலாம். ஹெட்லைட், கண்ணாடி, கதவு போன்ற தேயாத பொருள்களுக்குப் புதுப்பேட்டையில் பழையது தேடலாம். பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக் சம்பந்தப்பட்ட எதையும் பழையதாக வாங்கவே கூடாது.

மூன்றாம் படி: எந்த மாடல்?

எல்லா பழைய சொகுசு கார்களும் ஒரே மாதிரி செலவு வைப்பதில்லை. ஒவ்வொரு எஞ்சினுக்கும் அதற்கென்றே ஒரு நோய் உண்டு. அதைத் தெரிந்துகொண்டு போனால் பாதி வேலை முடிந்தது.

மெர்சிடிஸ் இ கிளாஸில் டபிள்யூ211 தலைமுறை 2002 முதல் 2009 வரை வந்தது. இதில் 2006ஆம் ஆண்டு மாற்றத்துக்கு முந்தைய கார்களில் எஸ்.பி.சி. என்ற மின்னணு பிரேக் அமைப்பு இருந்தது. பிரேக்கை எத்தனை முறை மிதித்தோம் என்று அதன் பம்ப் எண்ணிக்கொண்டே வரும். வரம்பு வந்ததும் எச்சரிக்கை காட்டி மாற்றச் சொல்லும். செலவு பெரிது. 2006 மாற்றத்துக்குப் பின் மெர்சிடிஸே சாதாரண ஹைட்ராலிக் பிரேக்குக்குத் திரும்பிவிட்டது. ஆகவே அதற்குப் பிந்தைய இ 220 சி.டி.ஐ. டீசல் கிடைத்தால் அதை முதலில் பாருங்கள். வி6 பெட்ரோல் எஞ்சினான எம்272-இல் 2006 வாக்கு வரை தயாரான சிலவற்றில் பேலன்ஸ் ஷாஃப்ட் (எஞ்சின் அதிர்வைக் குறைக்கும் தண்டு) கியர் தேயும் பிரச்சினை உண்டு. அதைச் சரிசெய்ய எஞ்சினையே இறக்க வேண்டும். எஞ்சின் எண்ணை வைத்து அது பாதிக்கப்பட்ட வரிசையா என்று மெக்கானிக் சொல்லிவிடுவார். மெர்சிடிஸின் டபிள்யூ204 சி கிளாஸில், ஸ்டீயரிங் பூட்டின் உள்ளே இருக்கும் சிறு மோட்டார் தேய்ந்து ஒரு நாள் சாவிக்கு வண்டி உயிர் பெறாமலே போகும். அதில் வரும் 1.8 லிட்டர் ‘கம்ப்ரசர்’ (சூப்பர்சார்ஜர் உள்ள) பெட்ரோலில், வால்வுகளை எஞ்சின் சுழற்சியோடு ஒத்து இயக்கும் டைமிங் செயின் நீளும்.

பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸ் இ90 நமக்குச் சற்று நெருக்கமான கார். 2007இல் செங்கல்பட்டு அருகே மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் தொடங்கிய ஆலையில் பொருத்தப்பட்டது. ஓட்டுவதில் இதற்கு ஈடு இல்லை. 320டி-இல் உள்ள என்47 டீசல் எஞ்சினில், குறிப்பாக 2007 முதல் 2011 வரையிலானவற்றில், டைமிங் செயின்தான் ஆபத்து. வழக்கமாக எஞ்சினின் முன்பக்கம் இருக்கும் செயினை இதில் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி வைத்திருக்கிறார்கள். அதை மாற்ற எஞ்சினையோ கியர்பாக்ஸையோ கழற்றியாக வேண்டும். அறுந்தால் எஞ்சினே போய்விடும். செயின் மாற்றிய பில் இருக்கும் 320டி-க்கு ஐம்பதாயிரம் கூடக் கொடுத்தாலும் தகும். 320ஐ பெட்ரோலில் வால்வு சீல் இறுகி ஆயில் குடிக்கும்.

ஆடி ஏ4 பி8-இல் 1.8, 2.0 டி.எஃப்.எஸ்.ஐ. பெட்ரோல் எஞ்சின்கள் சில ஆண்டுகள் ஆயில் அதிகம் குடித்தன. பிஸ்டன் ரிங் வடிவமைப்பில் இருந்த குறை அது. முன்சக்கர இயக்க மாடல்களில் வரும் மல்டிட்ரானிக் என்ற சி.வி.டி. வகை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைத் தவிர்க்கவே சொல்வேன்.

சிறிய பட்ஜெட்டில் தொடவே கூடாத பட்டியல் ஒன்றும் இருக்கிறது. ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை) உள்ள எஸ் கிளாஸ், பி.எம்.டபிள்யூ. 7 சீரிஸ், ஆடி ஏ8, ரேஞ்ச் ரோவர், மற்றும் எந்த பிராண்டாக இருந்தாலும் வி8 எஞ்சின். இவை இ கிளாஸைவிட மலிவாகக்கூடக் கிடைக்கும். வாங்கியவர்களால் செலவைத் தாங்கி ஓட்ட முடியாததால்தான் அந்த விலை.

சொகுசு வேண்டும், ஆனால் சின்னம் முக்கியமில்லை என்பவருக்கு ஹோண்டா அக்கார்ட் 2.4, அல்லது 2012 முதல் கர்நாடகத்தின் பிடதி ஆலையில் பொருத்தப்பட்ட டொயோட்டா கேம்ரி. முதல்முறை வாங்குபவர் என்னிடம் கேட்டால் நான் இவற்றைத்தான் சொல்வேன். அமைதியும் இடவசதியும் ஏறக்குறைய அதே அளவு. இரவில் நிம்மதியாகத் தூங்கலாம்.

நான்காம் படி: காரைப் பார்க்கும் முன் காகிதம்

வண்டி எண்ணை வாங்கி எம்-பரிவாஹன் செயலியில் போட்டுப் பாருங்கள். எத்தனையாவது உரிமையாளர், பதிவு எந்தத் தேதி வரை செல்லும், காப்பீடு இருக்கிறதா, கடன் பதிவு (வண்டி மேல் வங்கிக் கடன் உள்ளது என்ற குறிப்பு) நீங்கியிருக்கிறதா என்பவை தெரியும். நிலுவை அபராதங்களை இ-சலான் தளத்தில் பாருங்கள்.

தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு தகுதிச் சோதனை செய்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். கட்டணம் 5,000 ரூபாய். 2025 ஆகஸ்டில் வந்த திருத்தத்தின்படி 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 10,000 ரூபாய். முழுதாக இறக்குமதியான கார் என்று ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) இருந்தால் இவை முறையே 40,000, 80,000 ரூபாய். பலர் கவனிக்காமல் விடும் செலவு இது. தமிழ்நாட்டில் 15 ஆண்டு கடந்த காருக்குப் பசுமை வரியும் உண்டு. 14 ஆண்டுக் கார் மலிவாகக் கிடைக்கிறது என்றால், புதுப்பிக்கும் செலவை உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறாரா என்று யோசியுங்கள்.

டெல்லிக் கார்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 10 ஆண்டு கடந்த டீசல் கார்கள் டெல்லியில் ஓடக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் உத்தரவிட்டது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதன்பின் அங்கிருந்து டீசல் சொகுசு கார்கள் தெற்கே வரத் தொடங்கின. விலை கவர்ச்சியாக இருக்கும். ஆனால் தடையில்லாச் சான்று, தமிழ்நாட்டில் செலுத்த வேண்டிய வரி, பதிவெண் மாற்றம் எல்லாம் சேர்த்தால் மலிவு பாதியாகிவிடும். வேறு மாநிலப் பதிவெண்ணோடு 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆவது பிரிவின்படி புதுப் பதிவெண் பெற்றாக வேண்டும். வரி எவ்வளவு என்று உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு அறிந்த பிறகே முன்பணம் கொடுங்கள். புதுச்சேரிப் பதிவெண் கார்களுக்கும் இதே விதிதான்.

ஐந்தாம் படி: குளிர்ந்த எஞ்சினைக் கேளுங்கள்

காலையில், நீங்கள் வருவதற்கு முன் வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று முன்பே சொல்லி வையுங்கள். போனதும் போனட்டைத் திறந்து எஞ்சின் மூடியின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் விற்பவர் எதையோ மறைக்கிறார். நன்றி சொல்லிவிட்டு இன்னொரு நாள் வாருங்கள்.

குளிர்ந்திருந்தால் ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் போனட் அருகே நில்லுங்கள். முதல் இரண்டு, மூன்று வினாடிகள்தான் எல்லாம். சங்கிலி கலகலக்கும் ஓசை வந்து அடங்கினால் செயினோ அதை இறுக்கி வைக்கும் டென்ஷனரோ தேய்ந்திருக்கிறது. 320டி என்றால், முன்கண்ணாடிக்குக் கீழே எஞ்சினின் பின்பக்கமாகக் காதை வைத்து, ஆக்ஸிலேட்டரை மெல்ல 1,500 முதல் 2,000 சுற்று வரை ஏற்றச் சொல்லுங்கள். டீசலின் வழக்கமான டக்டக்கிலிருந்து பிரிந்து, உலோகம் உலோகத்தை உரசும் மெல்லிய ஓசை அங்கிருந்து வந்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். பெட்ரோல் எஞ்சினை ஐந்து நிமிடம் சும்மா ஓட விட்டு, பிறகு சட்டென்று ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் பின்னால் நீலப் புகை வருகிறதா பாருங்கள். வந்தால் ஆயில் எரிகிறது.

கூலன்ட் தொட்டியை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே திறந்து பாருங்கள். உள்ளே வெறும் தண்ணீர் இருந்தால் முன்பு எங்கோ கசிந்திருக்கிறது, யாரோ குழாய்த் தண்ணீரை ஊற்றியே ஓட்டியிருக்கிறார்கள் என்று பொருள். இந்தக் கார்களில் தண்ணீர்க் குழாய் இணைப்புகளும் தெர்மோஸ்டாட் உறைகளும் பிளாஸ்டிக்கால் ஆனவை. நம் வெயிலில் பத்து ஆண்டில் அவை நொறுங்கத் தொடங்கும்.

சாவியைத் திருப்பியதும் ஏ.பி.எஸ்., ஏர்பேக், எஞ்சின் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரிந்து, பின் அணைய வேண்டும். எரியாத விளக்கு, அணையாத விளக்கைவிட மோசம். யாரோ அதைத் துண்டித்திருக்கிறார்கள்.

ஆறாம் படி: வெள்ளத்தில் நின்ற காரா?

2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் சென்னையில் தண்ணீரில் நின்ற கார்கள் எத்தனையோ. அதே 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலியும் மூழ்கின. இந்த ஜெர்மன் கார்களில் பேட்டரி பெரும்பாலும் டிக்கியில் இருக்கும். ஒயர் இணைப்புகளும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் தரைவிரிப்பின் கீழும் டிக்கியின் பக்கக் குழியிலும் இருக்கும். ஒரு நாள் தண்ணீர் தேங்கினால் போதும், இரண்டு ஆண்டு கழித்துக்கூட ஒவ்வொன்றாகச் செயலிழக்கும்.

சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துப் பாருங்கள். கடைசி ஒரு அடியில் சேற்றுக் கோடு இருக்கும். கார் கழுவுபவர் அதுவரை போவதில்லை. சீட்டுக்குக் கீழே, அது நகரும் தண்டவாளத்தின் திருகுகள் துருப்பிடித்திருக்கின்றனவா, டிக்கி விரிப்பைத் தூக்கினால் ஸ்டெப்னி குழியில் மண் படிந்திருக்கிறதா பாருங்கள். ஏ.சி.யைப் போட்டதும் புழுங்கல் வாடை வந்தால் சந்தேகப்படுங்கள். சன்ரூஃப் வடிகால் அடைத்தாலும் தரை ஈரமாகும் என்பதால் ஈரத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

ஏழாம் படி: ஓட்டிப் பாருங்கள், பிறகு ஸ்கேன்

குறைந்தது முக்கால் மணி நேரம் ஓட்டுங்கள். நெரிசலில் ஏ.சி. போட்டபடி இருபது நிமிடம் ஊர்ந்தால் ரேடியேட்டர், விசிறி, ஏ.சி. மூன்றின் நிலையும் தெரிந்துவிடும். கியர்பாக்ஸைக் குளிர்ந்தபோதும் சூடான பிறகும் சோதியுங்கள். டி-யிலிருந்து ஆர்-க்கு மாற்றும்போது இடிக்கக் கூடாது. கியர் மாறும்போது எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வண்டி தயங்கக் கூடாது. வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கும்போது கடகடத்தால் புஷ், ஆர்ம் வேலை. இதற்குப் பயப்பட வேண்டாம், விலையில் குறைத்துக்கொள்ளலாம்.

அடுத்து உங்கள் மெக்கானிக்கிடம் கொண்டுபோய் லிஃப்டில் ஏற்றி, முழு ஸ்கேன் செய்யுங்கள். விற்பவர் மறுத்தால் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளுங்கள். பிழைப் பட்டியல் முழுக்கக் காலியாக இருந்தால், நேற்றுதான் அழித்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். பழைய காரில் ஏதாவது சிறு பிழை இருந்தே தீரும். மீட்டரைக் குறைத்திருக்கிறார்களா என்பதும் இங்கேதான் பிடிபடும். பி.எம்.டபிள்யூ.வில் கிலோமீட்டர் கணக்கு மீட்டரில் மட்டுமின்றி வேறு கட்டுப்பாட்டுப் பெட்டியிலும், சாவியிலும்கூடப் பதிவாகும். இவை ஒத்துப்போகாவிட்டால் காரணம் பெரும்பாலும் அதுதான். காப்பீட்டுப் புதுப்பிப்பின்போது எடுத்த பழைய புகைப்படங்களையும் கேட்டுப் பாருங்கள். அதில் மீட்டர் தெரியும். 60,000 கிலோமீட்டர் என்று காட்டும் காரில் ஸ்டீயரிங் தோலும் பிரேக் மிதி ரப்பரும் வழுவழுப்பாக இருந்தால் நம்ப வேண்டாம்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். டயரின் மேல் பட்டன் தேயாமல் நிறைய இருந்தாலும் ஆறு ஆண்டு தாண்டிய டயருக்கு மாற்றுச் செலவைப் பேரத்தில் சேருங்கள். இ90-இல் ஸ்டெப்னி கிடையாது, காற்று இறங்கினாலும் சிறிது தூரம் ஓடும் ரன்-ஃபிளாட் டயரின் விலையும் கூடுதல் என்பதையும் மறக்க வேண்டாம்.

எட்டாம் படி: பேரமும் பெயர் மாற்றமும்

மெக்கானிக் எழுதிக் கொடுத்த வேலைப் பட்டியலை விலையோடு நீட்டுங்கள். பொதுவாகப் பேசுவதைவிட “முன் ஆர்ம் இரண்டு, எஞ்சின் மவுன்ட் இரண்டு, டயர் நான்கு” என்று எழுதிக் காட்டினால் விற்பவரும் மதித்துப் பேசுவார். பழைய சொகுசு காருக்கு வாங்குபவர் குறைவு. காத்திருக்கத் தயாராக இருப்பவருக்கே விலை இறங்கும்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு மாநிலம் என்றால் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று. கடன் பதிவு இருந்தால் படிவம் 35-உம் வங்கியின் கடிதமும். சட்டப்படி விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். கடைசித் தவணையைப் பெயர் மாறிய பிறகு தருவதாக எழுதிக்கொள்ளுங்கள்.

காப்பீட்டையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். விற்றவருக்கு இருந்த ‘நோ கிளெய்ம் போனஸ்’ (இழப்பீடு கேட்காததற்கான பிரீமியத் தள்ளுபடி) அவருடையது, காருடன் வராது. ஐந்து ஆண்டு கடந்த காரின் காப்பீட்டு மதிப்பு உங்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையே பேசி முடிவு செய்வதுதான். மிகக் குறைவாக வைத்தால் பிரீமியம் குறையும். ஒரு பம்பரும் ஹெட்லைட்டும் உடைந்தாலே ‘முழு இழப்பு’ என்று கணக்கை முடித்துவிடுவார்கள். நியாயமான சந்தை விலையையே கேட்டு வையுங்கள்.

ஒன்பதாம் படி: முதல் மாதம்

விற்பவர் என்ன சொன்னாலும் எஞ்சின் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட், எல்லா ஃபில்டர்களையும் மாற்றிவிடுங்கள். அன்றைய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதி, பில்லை அதிலேயே ஒட்டுங்கள். எஞ்சின் ஆயிலில் பாகுநிலை (கெட்டித்தன்மை) எண் மட்டும் பொருந்தினால் போதாது. டப்பாவின் பின்பக்கம் மெர்சிடிஸ் 229.51, பி.எம்.டபிள்யூ. எல்.எல்.-04 போல உங்கள் கையேடு சொல்லும் அங்கீகார எண் இருக்க வேண்டும்.

கியர்பாக்ஸ் ஆயில் ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று பலரும் சொல்வார்கள். பி.எம்.டபிள்யூ.வுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டில் மாற்றச் சொல்கிறது. அதன் ஆறு வேக கியர்பாக்ஸில் ஃபில்டர் அடித்தட்டோடு சேர்ந்தே வரும். இரண்டையும் ஒன்றாக மாற்ற வேண்டும். நிரப்பும்போது ஆயிலின் வெப்பநிலையை ஸ்கேனரில் பார்த்துத்தான் அளவை முடிவு செய்ய முடியும். “பார்த்து ஊற்றிக்கொள்ளலாம்” என்று சொல்லும் ஷெட்டில் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.

பேட்டரி மாற்றினால் இ90 போன்ற கார்களில் புதிய பேட்டரியைக் காரின் கணினியில் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் பழைய பேட்டரிக்கு ஏற்பவே மின்னேற்றம் தொடர்ந்து, புதிய பேட்டரியும் சீக்கிரம் பழுதாகும். ஸ்கேனர் உள்ள மெக்கானிக்குக்கு ஐந்து நிமிட வேலை. பேட்டரிக் கடைக்காரரிடம் மாற்றிக்கொண்டாலும், அதே நாளில் மெக்கானிக்கிடம் போய்ப் பதிவு செய்துகொள்ளுங்கள்.